உங்கள் சவ்வு எங்கள் போர் தண்ணீரில் ஓராண்டு ஓடட்டும்

குடிநீர்ச் சுத்திகரிப்புக்கான சவ்வுகளை (மெம்பரேன்களை) ஆராயும் பொறியியல் பேராசிரியர்களுக்கும், அந்த ஆராய்ச்சிகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஃபுளோரைடு நீக்கும் சவ்வுகள் பற்றி நீங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைக் கிடைக்கும்போதெல்லாம் படிக்கிறேன். அவற்றில் பலவும் எங்களைப் போன்ற மாவட்டங்களைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பற்களும் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன, ஆகவே இந்த ஆய்வு தேவை என்று முதல் பத்தி சொல்லும். அப்புறம் சோதனை முறைக்குப் போனால், காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்து, உள்ளங்கை அளவு சவ்வுத் துண்டின் வழியே சில மணி நேரம் செலுத்தி, இத்தனை சதவீதம் தடுத்தது என்று முடிவு வரும். அந்த உழைப்பை நான் குறைவாக மதிப்பிடவில்லை. புதுச் சவ்வு ஒன்றை வார்த்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் பத்தியில் இருக்கும் எங்கள் ஊர்கள் சோதனைக்குள் வருவதே இல்லை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். நீங்கள் செய்யும் சவ்வை எங்கள் போர் தண்ணீரில், எங்கள் ஊர் மின்சாரத்தில், எங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டரின் கையில் ஓராண்டு ஓட விடுங்கள். அதற்குப் பிறகு கிடைக்கும் எண்களை எழுதுங்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேதியியலும் இடையில் வரும். இந்த மடலைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்காக அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கெட்டிப்பாறை நிலங்கள். நைஸ், சார்னோக்கைட், கருங்கல். இந்தப் பாறைகளில் இருக்கும் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. மழைநீர் விரிசல்களில் இறங்கிப் பாறையோடு ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது அது கரைந்து நீரில் சேர்கிறது. நீரில் பைகார்பனேட்டும் காரத்தன்மையும் கூடி, கால்சியம் குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்து வீழ்படியச் செய்துவிடும் என்பது பிளஸ் டூ மாணவருக்கும் புரிகிற கணக்கு. அதனால்தான் இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களின் தண்ணீர் ஒன்றுபோல இருப்பதில்லை. ஓர் ஊரில் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும், சோப்பு நுரைக்காது, ஃபுளோரைடு அளவோடு இருக்கும். பக்கத்து ஊரில் தண்ணீர் குடிக்க இனிப்பாக இருக்கும், ஃபுளோரைடு எல்லை மீறியிருக்கும். திறந்த கிணறுகள் வற்றிப் போர் போடத் தொடங்கி, இன்று ஆயிரம் அடியைத் தாண்டியும் துளைக்கிறோம். ஆழம் போகப் போக, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரைத்தான் மேலே இழுக்கிறோம்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்தியத் தர நிர்ணயத்தின் 2012ஆம் ஆண்டு விதிப்படி 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் இந்த நோய் நமக்குப் புதிதும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இது இருப்பதை மருத்துவர் ஷார்ட்டும் அவருடைய குழுவினரும் 1937இலேயே எழுதிவிட்டார்கள்.

குழந்தைக்குப் பல் எனாமல் உருவாகும் காலம் ஏறக்குறைய எட்டு வயதோடு முடிந்துவிடுகிறது. அந்த வயதுக்குள் குடித்த நீர்தான் நிலைப்பற்களில் பழுப்புக் கோடாகவும் குழியாகவும் தெரிகிறது. ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கோடுகள் ஏற்கெனவே விழுந்திருக்கும். அதன் பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அந்தப் பல் மாறாது. பெரியவர்களுக்கு எலும்பில் படிவது இன்னும் மெதுவாக, இன்னும் கொடுமையாக நடக்கிறது. முதுகு விறைத்துப்போய், குனிந்து நிமிர முடியாமல், நாற்பது ஐம்பது வயதில் களை எடுக்கப் போவதை நிறுத்தியவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வராமல் தடுப்பது மட்டும்தான் வழி. ஆகவே சவ்வு ஐந்தாண்டு தாமதமாக வந்தால், ஒரு தலைமுறைக் குழந்தைகளின் பற்கள் அந்த ஐந்தாண்டில் உருவாகி முடிந்திருக்கும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருக்கிறது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். அந்தத் திட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களுக்கும் அதைக் கட்டி முடித்த பொறியாளர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் முறைவைத்துத்தான் வருகிறது. வராத நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றுகிறார்கள். பல ஊர்களில் இரண்டும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர்தான் என்று நம்பிக் குடிக்கும் வீட்டில், எந்த விகிதத்தில் கலந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் கட்டத் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது வந்து எல்லாத் தொட்டியும் நிறையும் வரைக்கும், வந்த பிறகும்கூட ஆறு வற்றும் கோடைக்கும், ஊர்ப் போரையே நல்ல நீராக்கும் வழி தேவைப்படும். அங்கேதான் உங்கள் வேலை வருகிறது.

ஊர்களில் இப்போது ஆர்.ஓ. பிளான்ட்டுகள் இருக்கின்றன. சில ஊராட்சி வைத்தவை, சில நன்கொடையில் வந்தவை, சில தனியார் நடத்துபவை. காசு போட்டால் குடம் நிறையும், அல்லது இருபது லிட்டர் கேன் வண்டியில் வீட்டுக்கு வரும். இவற்றில் கணிசமானவை திறப்பு விழா கண்டு ஓரிரு ஆண்டில் பூட்டிக் கிடக்கின்றன. "மெம்பரேன் போயிருச்சு டீச்சர்" என்பார் ஆபரேட்டர். மெம்பரேன் ஏன் போனது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாற்றுவதற்குப் பணம் யாருடைய கணக்கில் வரும் என்பதும் தீர்மானிக்கப்படவில்லை. பக்கத்து ஊர் பிளான்ட் ஒன்றில் நடந்ததை நேரில் விசாரித்தேன். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரையே பிளான்ட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கார்பன் வடிகட்டியை நெடுநாள் மாற்றவில்லை. குளோரின் நேராகச் சவ்வைத் தொட்டிருக்கிறது. இன்று விற்கும் ஆர்.ஓ. சவ்வுகளின் மேலடுக்கு பாலிஅமைடு. குளோரின் பட்டால் அது சிதையும் என்பது உங்கள் பாடநூலின் முதல் பாடம். அந்த ஆபரேட்டருக்குப் பாடம் எடுக்கத்தான் ஆள் இல்லை. அந்தச் சவ்வின் வழியே தண்ணீர் முன்பைவிட வேகமாக வந்தபோது, பிளான்ட் நன்றாக ஓடுகிறது என்றே அவர் நினைத்திருக்கிறார்.

இன்னொன்று. ஊரில் எல்லாரும் நம்பியிருப்பது, நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை. பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டி, தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த மீட்டர் அளப்பது மின்கடத்தலை. ஃபுளோரைடைத் தனியாக அதற்குத் தெரியாது. மொத்த உப்பு 400 மில்லிகிராம் உள்ள நீரில் 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால், அந்த மூன்று மீட்டரில் எங்கே தெரியும்? ஜல் ஜீவன் திட்டத்தில் கொடுத்த களச் சோதனைப் பெட்டிகளில் நிறம் பார்த்து ஃபுளோரைடைக் கணிக்கலாம். மகளிர் குழுப் பெண்கள் சிலருக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களை உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

சவ்வின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அது ஆய்வகத்திலிருந்து ஊருக்குப் போன வேகம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1950களின் இறுதியில் செல்லுலோஸ் அசிடேட்டைக் கொண்டு ஒரு சவ்வைச் செய்தார்கள். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே துளைகள் நிறைந்த தாங்கு அடுக்கு. அதுவரை சொட்டுச் சொட்டாக வந்த நீர், பயன்படும் அளவுக்கு வரத் தொடங்கியது அப்போதுதான். 1965இல் அந்தச் சவ்வு கோலிங்கா என்ற சிறிய ஊரில் உவர்நிலத்தடி நீரைக் குடிநீராக்கிக்கொண்டிருந்தது. 1970களில் ஜான் கடாட் பாலிஅமைடு மென்படலச் சவ்வைக் கொண்டுவந்தார். இன்றைய ஆர்.ஓ. எல்லாம் அதன் வழிவந்தது. நம் நாட்டிலும் பாவ்நகரில் உள்ள மத்திய ஆய்வு நிறுவனம் சொந்தமாகச் சவ்வுகளைச் செய்திருக்கிறது. சென்னைக்கு 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன. அங்கே இரவும் பகலும் பொறியாளர்கள் இருக்கிறார்கள், அளவிகள் இருக்கின்றன, உதிரிப் பாகங்கள் இருக்கின்றன. கடல்நீரையே குடிக்க வைக்கும் தொழில்நுட்பம், மூவாயிரம் பேர் வாழும் ஓர் ஊரின் போருக்கு வந்ததும் தடுமாறுகிறதென்றால், அந்தத் தடுமாற்றமே ஆராயத் தகுந்த பொருள் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் நானோ வடிகட்டல் சவ்வுகளுக்கு வருகிறேன். எங்களுக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். ஆர்.ஓ.வை விடக் குறைந்த அழுத்தத்தில் ஓடும், மின்சாரம் மிச்சம், நீரும் அதிகம் கிடைக்கும். ஃபுளோரைடு அயனி சிறியது. ஆனால் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை மிக இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பதால் குளோரைடை விடச் சவ்வைக் கடக்கச் சிரமப்படுகிறது. சவ்வின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம் கொண்டது, அதுவும் தள்ளுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலரும். அவர்கள் பல்லைக் கெடுத்த அயனியைப் பற்றி ஒரு நல்ல செய்தி அல்லவா?

ஆனால் இதே வேதியியல்தான் ஆய்வகத் தண்ணீரையும் ஊர்த் தண்ணீரையும் பிரிக்கிறது. சோடியம் ஃபுளோரைடு மட்டும் கரைந்த மெல்லிய கரைசலில் அந்த மின்னேற்றத் தள்ளல் முழு வலுவோடு இருக்கும். போர் தண்ணீரில் மற்ற உப்புகள் கூடும்போது அந்தத் தள்ளல் மங்குகிறது. கால்சியம் அயனிகள் சவ்வின் எதிர்மின்னேற்ற இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு அதை இன்னும் குறைக்கின்றன. சல்ஃபேட் நிறைய இருந்தால் நிலைமை வேறு மாதிரி: சவ்வு சல்ஃபேட்டைத் தடுத்து நிறுத்துகிறது, சோடியம் தாண்டிப் போகிறது, மின்சமநிலைக்காக அதோடு ஒற்றை மின்னேற்றமுள்ள ஏதாவது ஓர் எதிரயனி போயாக வேண்டும். குளோரைடு முதலில் போகும். ஃபுளோரைடும் கூடப் போகும். ஆகவே தூய கரைசலில் வந்த தடுப்புச் சதவீதத்தை எங்கள் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இதை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. உங்களில் சிலர் கட்டுரையின் கடைசியில் 'உண்மையான நிலத்தடி நீரில் மேலும் ஆய்வு தேவை' என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு முழு ஆய்வாக வேண்டும்.

தண்ணீரை எந்த மாதத்தில் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு டிசம்பரில் எடுத்த நீரும், ஏரி வெடித்துக் கிடக்கும் மே மாதத்தில் எடுத்த நீரும் வேறு வேறு. ஒரே போரை ஓராண்டு பார்த்தால்தான் அதன் குணம் பிடிபடும். பென்னாகரத்தில் ஒன்று, காரிமங்கலத்தில் ஒன்று, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊத்தங்கரையில் ஒன்று, மத்தூரில் ஒன்று என்று நான்கைந்து போர்களை எடுத்துக்கொண்டாலே இரண்டு மாவட்டங்களின் தண்ணீர் எவ்வளவு விதம் என்று தெரிந்துவிடும்.

சிலிக்காவையும் மறக்க வேண்டாம். பாறை நிலத்து நீர் என்பதால் அது கரைந்து வரும். சவ்வின் மேல் ஒருமுறை படிந்து கெட்டியாகிவிட்டால் சாதாரண அமிலக் கழுவலில் போகாது. ஆய்வகத்தில் சில மணி நேரத்தில் அது தலைகாட்டாது. ஆறாம் மாதம் தலைகாட்டும். மின்சாரம் விட்டு விட்டு வரும்போது பம்பு நின்று நின்று ஓடும். நின்ற நேரத்தில் சவ்வுக்குள் கிடக்கும் நீரில் கிருமிகள் படலம் கட்டும். திருவிழாவுக்கு ஆபரேட்டர் நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? இதையெல்லாம் சவ்வு தாங்குமா என்பது எங்களுக்கு 95 சதவீதமா 97 சதவீதமா என்பதை விடப் பெரிய கேள்வி. 90 சதவீதம் தடுத்து நான்காண்டு உழைக்கும் சவ்வு, 99 சதவீதம் தடுத்து எட்டு மாதத்தில் சாகும் சவ்வை விட எங்களுக்கு மேல். 4 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரில் 90 சதவீதத்தைத் தடுத்தால் 0.4 மில்லிகிராம்தான் மிஞ்சும். அது போதும்.

அப்புறம் ரிஜெக்ட் தண்ணீர், அதாவது சவ்வைக் கடக்காமல் வெளியேறும் கழிவுநீர். இதைப் பற்றி நீண்ட நாளாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தேன். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீர் 1,000 லிட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நல்ல நீராக வருகிறது, 95 சதவீத ஃபுளோரைடு தடுக்கப்படுகிறது. குடிக்கும் 500 லிட்டரில் 0.15 மில்லிகிராம். மீதி 500 லிட்டரில் 5.85 மில்லிகிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நீர் எங்கே போகிறது? பிளான்ட்டின் பின்பக்கக் குழாயிலிருந்து வாய்க்காலுக்கு, குழிக்கு, சில இடங்களில் அதே போரின் பக்கத்தில் மண்ணுக்குள். மாடு அதைக் குடிக்கிறது. வீட்டுக்குப் புழங்க எடுத்துப் போகிறவர்களும் உண்டு, இலவசமாகக் கிடைக்கிறதே என்று. உப்பு மிகுந்த நீர் தொடர்ந்து பாயும் மண் என்னவாகும் என்று விவசாயிக்குத் தெரியும். சவ்வு ஃபுளோரைடை அழிப்பதில்லை, பிரித்து வைக்கிறது. பிரித்ததை எங்கே வைப்பது என்பதும் உங்கள் ஆராய்ச்சியின் பகுதிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. நீர்த்த கரைசலில் கால்சியம் சேர்த்து ஃபுளோரைடை வீழ்படியச் செய்வது கடினம். கால்சியம் ஃபுளோரைடு கரையும் அளவே தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஃபுளோரைடைத் தரும். ஆனால் சவ்வு அடர்த்தியாக்கிக் கொடுத்த கழிவுநீரை இன்னும் ஒருமுறை அடர்த்தியாக்கினால், சுண்ணாம்போ ஜிப்சமோ சேர்த்துப் பெரும்பகுதியைத் திடமாக வெளியே எடுக்க முடியும். மிச்சத்துக்கு, ஃபுளோரைடைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும் அலுமினா இருக்கிறது. 1970களில் நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) தந்த நல்கொண்டா முறை, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்ப்பது, நல்ல நோக்கத்தோடு வந்தது. தினமும் சரியான அளவு போட ஆள் வேண்டும், சேறு அகற்ற ஆள் வேண்டும் என்பதால் பல ஊர்களில் நின்றுபோனது. அது கற்றுத் தந்த பாடத்தை வைத்துக்கொண்டு, கழிவுநீருக்கு மட்டும் அதே வேதியியலைப் பயன்படுத்தினால் அளவு குறையும், சுமை குறையும். இதை ஒரு முனைவர் பட்ட ஆய்வாக யாராவது எடுத்துச் செய்ய மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வுகள் ஒருவர் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்கின்றன. எங்கள் வீடுகளில் கேன் தண்ணீர் குடிக்க மட்டும். ராகிக் களி கிளறுவதும் சோறு வடிப்பதும் குழம்பு வைப்பதும் குழாய்த் தண்ணீரில்தான். காரணம் விலை, ஐந்து பேர் உள்ள வீட்டில் சமையலுக்கும் சேர்த்துக் கேன் வாங்கக் கூலி வேலை செய்கிறவர்களால் முடியாது. களி தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகி இன்னும் அடர்த்தியாகும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் தாய்மார்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை கஷ்டமாக இருக்கும். ஆகவே சவ்வின் விலையையும் நீரின் அளவையும் தீர்மானிக்கும்போது சமையலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். குடிக்க மட்டும் நல்ல நீர் தந்தால், பாதி வேலைகூட முடிந்ததாகாது.

கால்சியம் பற்றியும் எழுதுங்கள். நானோ வடிகட்டி உடம்புக்குத் தேவையான தாதுக்களை விட்டுவைக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கால்சியம் இரட்டை மின்னேற்றம் கொண்டது, நீரேற்றத்தால் பெருத்தது. பல சவ்வுகள் அதை ஃபுளோரைடுக்கு இணையாகவோ அதிகமாகவோ தடுத்துவிடும், சோடியத்தைத்தான் விட்டுவைக்கும். ஃபுளோரைடின் பாதிப்பு, உணவில் கால்சியம் குறைந்த பிள்ளைகளிடம் கூடுதலாக இருக்கும் என்பதால் இந்த எண் எங்களுக்கு வேண்டும். ஃபுளோரைடு எவ்வளவு போனது என்ற பட்டியலுக்குப் பக்கத்திலேயே கால்சியம் எவ்வளவு மிஞ்சியது, சுவை எப்படி என்பதும் இருக்கட்டும். தண்ணீர் சப்பென்று இருந்தால் ஊரில் குடிக்க மாட்டார்கள். பழைய போருக்கே திரும்பிவிடுவார்கள். இது நடந்திருக்கிறது.

இனி நிதிக்குழு உறுப்பினர்களுக்கு. நீங்கள் ஒரு திட்டத்துக்கு மூன்றாண்டு ஒதுக்குகிறீர்கள். முதலாண்டு கருவி வாங்க, இரண்டாமாண்டு சோதிக்க, மூன்றாமாண்டு கட்டுரை எழுத என்று காலம் கழிந்துவிடுகிறது. ஊரில் வைத்த மாதிரி பிளான்ட்டின் சவ்வு நான்காமாண்டு மாற்ற வேண்டி வரும்போது திட்டக் கணக்கு மூடப்பட்டிருக்கும். அந்தப் பேராசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் பணம் இல்லை. களத்தில் ஓட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் சவ்வு மாற்றுவதற்கும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்குங்கள். ஆபரேட்டருக்குப் பயிற்சி காலத்தில் சம்பளம் கொடுங்கள். ஓராண்டு ஊரில் ஓடி, சவ்வு தோற்றுப்போய், ஏன் தோற்றது என்று தெளிவாக எழுதிய அறிக்கையையும் வெற்றியாக ஏற்றுக்கொள்ளுங்கள். இதை ஏற்காத வரைக்கும் யாரும் தூய கரைசலை விட்டு வெளியே வரத் துணிய மாட்டார்கள். அவர்களுக்கும் பதவி உயர்வும் மாணவரின் பட்டமும் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது.

எங்கள் மாவட்டங்களிலேயே அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, பர்கூரில் ஒன்று, தருமபுரி செட்டிக்கரையில் ஒன்று. தூரத்து நிறுவனங்களின் பேராசிரியர்கள் இவர்களோடு சேர்ந்து வேலை செய்தால், வாரம் ஒருமுறை பிளான்ட்டைப் பார்க்க ஆள் இருக்கும். இறுதியாண்டு மாணவர்கள் பலரும் இந்த ஊர்களிலிருந்தே வருகிறவர்கள். தங்கள் வீட்டுத் தண்ணீரை ஆராயச் சொன்னால் அவர்கள் காட்டும் அக்கறை வேறாக இருக்கும்.

ஒரு மனக்குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்குப் பல குழுக்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் படமெடுத்தார்கள், தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள், போனார்கள். முடிவு என்ன என்று ஒரு தாள்கூட எங்களுக்கு வரவில்லை. படமெடுக்கப்பட்ட ஒரு மாணவி, இப்போது நர்சிங் படிக்கிறாள், "டீச்சர், நம்ம தண்ணியில எவ்வளவு இருந்துச்சாம்?" என்று அண்மையில் கேட்டாள். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளும் முதல் உரிமை அவளுக்குத்தானே? நீங்கள் வரும்போது முடிவுகளைத் தமிழில், ஒரே பக்கத்தில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும்படி கொடுங்கள். கிராம சபையில் வந்து பேசுங்கள். சவ்வு வேலை செய்யவில்லை என்றாலும் அதைச் சொல்லுங்கள். எங்கள் ஊர் மக்கள் கேட்டுப் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு போர் இருக்கிறது. மும்முனை மின் இணைப்பும், பூட்டக்கூடிய பழைய அறை ஒன்றும் இருக்கின்றன. ரிஜெக்ட் நீரைத் தனியே பிடித்து வைக்கத் தொட்டி கட்ட இடம் உண்டு. தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசினேன். ஆராய்ச்சிக்கு அந்த அறையைத் தர இசைந்திருக்கிறார்கள். மகளிர் குழுவில் இரண்டு பெண்கள் வாரந்தோறும் சோதனைப் பெட்டியில் ஃபுளோரைடு பார்த்துப் பதிவேட்டில் எழுதத் தயாராக இருக்கிறார்கள். பிளஸ் ஒன் மாணவர்கள் மாதம் ஒருமுறை நீர் மாதிரி எடுத்து உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், எப்படி எடுக்க வேண்டும் என்று நீங்கள் ஒருமுறை காட்டினால் போதும். ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே வந்து போரைப் பார்த்துவிட்டால் கோடைத் தண்ணீரும் கையில் கிடைத்துவிடும். உங்களில் யார் வருகிறீர்கள் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ முதன்மைக் கல்வி அலுவலருக்கோ ஒரு கடிதம் போட்டால், மற்ற ஏற்பாடுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் முதுகலை ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்